கீறலை மன்னிக்காத பொருட்கள்

எஃகில் பழகிய பொறியாளரிடம் ஒரு பீங்கான் பாகத்தை வடிவமைக்கச் சொன்னால், அவர் கேட்கும் முதல் கேள்வி "இதோட வலிமை எவ்வளவு?" என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்விதான். எஃகு என்றால் அட்டவணையில் ஓர் எண் இருக்கிறது. அதற்குக் கீழே, பத்திரத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு நின்றுகொண்டால் வேலை முடிந்தது. பீங்கானுக்கும் கண்ணாடிக்கும்கூட அட்டவணையில் எண் உண்டு. ஆனால் சோதனைக்கு எடுத்த துண்டுகளில் எவ்வளவு பெரிய கீறல் இருந்தது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. கீறல் மாறினால் எண்ணும் மாறிவிடும். இதை மனதில் வாங்கிக்கொள்ளாமல் அலுமினா, சிர்கோனியா, சிலிக்கான் கார்பைடு என்று வகைகளை மனப்பாடம் செய்து பெரிய பயனில்லை என்பது என் கட்சி.

உடைந்த இயந்திரப் பாகங்களைப் பார்த்து ஏன் உடைந்தது என்று சொல்வது என் பிழைப்பு. வருகிறவற்றில் பெரும்பாலானவை உலோகம். பீங்கானோ கண்ணாடியோ வந்துவிட்டால் எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் உற்சாகம்தான். உலோகம் உடையும்போது நீள்கிறது, வளைகிறது, முறிந்த முகங்கள் ஒன்றோடொன்று உரசித் தடயத்தை அழித்துவிடுகின்றன. கண்ணாடி அப்படியில்லை. எந்தப் புள்ளியில் விரிசல் தொடங்கியது, எவ்வளவு இழுவிசையில் போனது என்பதையெல்லாம் முறிந்த முகத்திலேயே பதித்து வைத்துவிடும்.

ஒரு கண்ணாடிக் கம்பி வளைந்து முறிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முறிந்த முகத்தைப் பத்து மடங்கு லென்ஸில், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்க்க வேண்டும். விளிம்பில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு பொட்டு தெரியும். அதைச் சுற்றி அரைவட்டமாக ஒரு பகுதி மெருகேற்றியதுபோல் பளபளவென்று இருக்கும். இதற்கு மிரர் என்று பெயர். அதன் வெளி விளிம்பில் மங்கலாக ஒரு வளையம், மிஸ்ட். அதற்கும் அப்பால், பொட்டிலிருந்து விசிறியாக விரியும் கோடுகள், ஹேக்கிள். விரிசல் வேகம் பிடிக்கப் பிடிக்க முகம் சொரசொரப்பாகி, கடைசியில் கிளை பிரிந்துவிடுகிறது. அந்தக் கதைதான் இந்த மூன்று வளையங்களாகத் தெரிகிறது.

மிரரின் ஆரத்தை அளந்தால், உடைந்த நொடியில் அந்த இடத்தில் இருந்த இழுவிசையைக் கணக்கிட்டுவிடலாம். சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடிக்கு, மெகாபாஸ்கலில் (சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன்) எடுத்த இழுவிசையை மீட்டரில் எடுத்த ஆரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் சுமார் 2 வரும். ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 60 மெகாபாஸ்கல். கால் மில்லிமீட்டர் என்றால் 120-ஐத் தாண்டும். மிரர் சின்னதாக இருந்தால் துண்டு நல்ல துண்டு. அதிக விசை வாங்கிய பிறகுதான் போயிருக்கிறது. பெரிதாக இருந்தால் அது உடைவதற்கு முன்பே யாரோ எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள். பாகத்தை விற்றவரும் வாங்கியவரும் கடிதத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, இந்த ஒரு அளவு முக்கால்வாசி வாதத்தை முடித்துவைத்துவிடும்.

இதற்கெல்லாம் அடித்தளம் போட்டவர் ஆலன் ஆர்னால்டு கிரிஃபித். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில், விமானங்களுக்கான அரசு ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். கண்ணாடியின் அணுப்பிணைப்புகளை வைத்துக் கணக்குப் போட்டால் பல ஆயிரம் மெகாபாஸ்கல் வலிமை இருக்க வேண்டும். கையில் கிடைக்கும் கண்ணாடியோ நூறைத் தொடுவதற்குள் உடைந்துவிடுகிறது. மீதி எங்கே போனது? 1920-இல் எழுதிய ஆய்வில் அவர் கண்ணாடியை இழையாக இழுத்து இழுத்துச் சோதித்தார். சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள இழை 170 மெகாபாஸ்கலில் அறுந்தது. மெலிய மெலிய வலிமை ஏறிக்கொண்டே போய், 3.3 மைக்ரோமீட்டர் இழையில் 3,400-ஐ எட்டியது. அதே கண்ணாடி, இருபது மடங்கு வித்தியாசம். மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமே இல்லை என்பதுதான் காரணம்.

விரிசல் கொஞ்சம் நீண்டால் அதைச் சுற்றி இழுபட்டு நிற்கும் பொருள் தளர்கிறது, ஆற்றல் விடுபடுகிறது. அதே சமயம் இரண்டு புதிய பரப்புகளை உருவாக்க ஆற்றல் செலவாகிறது. வரவு செலவைவிட அதிகமாகும் நீளத்தை விரிசல் எட்டிவிட்டால், அப்புறம் அதை யாரும் தள்ள வேண்டியதில்லை. தானாகவே ஓடும்.

உலோகத்திலும் விரிசல் உண்டு. ஆனால் அதன் முனையில் அணுத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, முனையை மழுக்கிவிடுகின்றன. அந்த வழுக்கலுக்கு ஏராளமான ஆற்றல் செலவாகும். பீங்கானில் அயனிப் பிணைப்பும் சகப்பிணைப்பும் அணுக்களை இருந்த இடத்தில் இறுக்கிப் பிடித்திருப்பதால் வழுக்கலுக்கு வழியில்லை. கடினம், வெப்பம் தாங்குவது, அமிலத்துக்கு அசையாதது என்று பீங்கானில் நாம் மெச்சும் எல்லாம் அதே இறுக்கத்திலிருந்துதான் வருகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் திருப்பித் தர முடியாது.

எண்ணில் பார்த்தால் இன்னும் உறைக்கும். விரிசலைத் தாங்கும் திறனுக்கென்று ஓர் அளவு இருக்கிறது. மெகாபாஸ்கலை மீட்டரின் வர்க்கமூலத்தால் பெருக்கியது அதன் அலகு. கண்ணாடிக்கு அது 0.7 அல்லது 0.8. அலுமினாவுக்கு 3 முதல் 5. சிலிக்கான் நைட்ரைடுக்கு 5 முதல் 8. நல்ல சிர்கோனியா 10 வரை போகும். கட்டுமான எஃகு 50-ஐத் தாண்டித் தொடங்கும், 100-ம் சாதாரணம். 50 மெகாபாஸ்கல் இழுவிசையில் இருக்கும் கண்ணாடி உடைய, 0.06 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு கீறல் போதும். ஒரு தலைமுடியின் தடிமன். எஃகுக்கு அதே கணக்கைப் போட்டால் விடை மீட்டரில் வருகிறது!

இதிலிருந்து கிளைக்கும் இன்னொரு சங்கடம், ஒரே அச்சில் வார்த்து, ஒரே சூளையில் சுட்ட நூறு துண்டுகள்கூட நூறு வெவ்வேறு வலிமையில் உடையும் என்பது. ஒவ்வொன்றிலும் உள்ள மிக மோசமான கீறல்தான் அதன் தலைவிதி. இந்தச் சிதறலுக்குக் கணிதம் கொடுத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த வலொட்டி வைபுல், 1939-இல். அவர் சூத்திரத்தில் ஒரே ஒரு அடுக்கெண் வருகிறது. அது பெரிதாக இருந்தால் துண்டுகள் ஒன்றுபோல் நடந்துகொள்ளும். பொறியியல் பீங்கான்களுக்குப் பெரும்பாலும் 5 முதல் 20 வரை. அடுக்கெண் 10 என்றால், பாகத்தின் கன அளவைப் பத்து மடங்காக்கும்போது வலிமை 20 சதவீதம் குறைந்துபோகும். பெரிய துண்டில் பெரிய கீறல் இருக்கும் வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். சின்ன மாதிரியில் நன்றாகத் தாங்கியது பெரிய பாகத்தில் ஏன் போனது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

சரி, கீறலோடு எப்படி வாழ்வது? மனிதர்கள் கண்டுபிடித்த கண்ணாடி, பீங்கான் வகைகளில் பாதியை இந்தக் கேள்விக்கான பதில்களாகவே பார்க்கலாம். கீறலே வராமல் காப்பது முதல் பதில். கீறலை அமுக்கி மூடி வைப்பது இரண்டாவது. ஓடும் விரிசலை வழிமறிப்பது மூன்றாவது.

முதல் பதிலுக்கு நல்ல உதாரணம் ஒளியிழை. 1966-இல் இயற்பியலாளர் சார்லஸ் காவ், கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லுக்குள் ஒளி இழப்பைக் கொண்டுவந்தால் கண்ணாடி இழையில் தகவல் அனுப்பலாம் என்று வாதிட்டார், 1970-இல் கார்னிங் நிறுவனத்தில் 17-ஐ எட்டினார்கள், இன்று 0.2-க்கும் கீழே. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். இயந்திரக்காரனான எனக்கு அதைவிட வியப்பு, தலைமுடி அளவு தடிமனுள்ள கண்ணாடியை எப்படிக் கிலோமீட்டர் கணக்கில் அறுந்துபோகாமல் பதிக்கிறார்கள் என்பதுதான். சுமார் 2,000 டிகிரியில் இளகிய தூய சிலிக்காக் கட்டையிலிருந்து 125 மைக்ரோமீட்டர் இழையாக இழுக்கிறார்கள். எதுவும் அதைத் தொடும் முன்பே, இறங்கி வரும் வழியிலேயே பாலிமர் பூச்சு ஏறிவிடுகிறது. அப்புறம் முழு நீளத்தையும் சுமார் 700 மெகாபாஸ்கலில் இழுத்துப் பார்க்கிறார்கள். அதில் அறுபடுகிற இடம் அங்கேயே அறுந்துபோகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். மிஞ்சியதில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கீறல் கிடையாது என்று உறுதியாகச் சொல்லலாம். கிரிஃபித்தின் மெல்லிய இழை, தொழிற்சாலை அளவில்.

பூச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இழுபட்ட நிலையில் இருக்கும் கண்ணாடிக்குத் தண்ணீர் எதிரி. விரிசல் முனையில் நீட்டி நிற்கும் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பைத் தண்ணீர் மூலக்கூறு வெட்டிவிடுகிறது. காற்றின் ஈரமே போதும். அதனால் ஒரு கண்ணாடி சில நொடிகள் தாங்கும் சுமையில் பாதியைக்கூட வருடக்கணக்கில் தாங்காது. விரிசல் மெதுவாக, யாருக்கும் தெரியாமல் நீண்டுகொண்டிருக்கும். கண்ணாடி அறுப்பவர்கள் சக்கரத்தால் கோடு போட்டதும் அந்தக் கோட்டில் ஈரம் காட்டி மடக்கினால் சுலபமாகப் பிளப்பதும் இதனால்தான். கோடு போட்டுவிட்டு நாளைக்கு மடக்கலாம் என்று வைத்துவிட்டால் அவ்வளவு சுத்தமாக வராது.

இரண்டாவது பதில், அமுக்குவது. பீங்கானும் கண்ணாடியும் அழுத்தத்தில் சிங்கங்கள். வளைத்தால் 350 மெகாபாஸ்கலில் முறியும் அலுமினா, அமுக்கினால் 2,000-ஐத் தாண்டியும் நிற்கும். இழுத்தால் விரிசல் திறக்கிறது, அமுக்கினால் மூடிக்கொள்கிறது. எனவே பரப்பை எப்போதும் அமுக்கத்தில் வைத்துவிட்டால், வெளியிலிருந்து வரும் இழுவிசை முதலில் அந்த அமுக்கத்தைத் தீர்த்த பிறகே கீறலைத் தொட முடியும்.

டஃபன்டு கண்ணாடி இதைத்தான் செய்கிறது. 620 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றை வேகமாகப் பீய்ச்சுகிறார்கள். மேல்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது; உள்ளே இருப்பது பிறகு குளிர்ந்து சுருங்கும்போது இறுகிய தோலைத் தன்னோடு இழுக்கிறது. தோல் சுமார் 100 மெகாபாஸ்கல் அமுக்கத்தில், நடு வயிறு இழுவிசையில். இரு பக்கத்திலும் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு ஆழம் வரை இந்த அமுக்கம் இருக்கும். போலராய்டு குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு காரின் பின்கண்ணாடியைப் பாருங்கள், வரிசையாகப் புள்ளிகள் தெரியும். காற்று பீய்ச்சிய துளைகளின் தடம் அது. இதற்கு ஈடாக, கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு அறுக்கவோ துளைக்கவோ முடியாது. நடு வயிற்றை ஏதாவது தொட்டுவிட்டால் முழுப் பலகையும் பொடிப்பொடியாகிவிடும்.

வெளியிலிருந்துதான் தொட வேண்டும் என்பதில்லை. உருக்கும்போது தப்பித்தவறி நிக்கல் கலந்துவிட்டால், நிக்கல் சல்பைடு துகள்கள் உருவாகலாம். குறுக்களவு 0.1 மில்லிமீட்டர் இருந்தாலே போதும். உயர் வெப்பத்தில் அதற்கு ஒரு படிக அமைப்பு, அறை வெப்பத்தில் வேறு அமைப்பு. வேகமாகக் குளிர்ந்ததில் பழைய அமைப்போடு உறைந்துவிட்ட துகள், மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், மெல்ல மெல்ல மாறி 2 முதல் 4 சதவீதம் பருக்கிறது. அது இழுவிசையுள்ள நடுப்பகுதியில் மாட்டியிருந்தால், ஒருநாள் யாருமே அருகில் இல்லாதபோது பலகை வெடித்துச் சிதறும். உதிராமல் சட்டத்தில் மிச்சம் இருந்தால், நடுவில் பட்டாம்பூச்சியின் சிறகு போல ஒட்டிய இரண்டு பெரிய துண்டுகளைத் தேடுவேன். அவற்றுக்கு இடைப்பட்ட கோட்டில்தான் துகள் உட்கார்ந்திருக்கும். இதற்குத்தான் கட்டடக் கண்ணாடிகளை முன்கூட்டியே 260 முதல் 290 டிகிரி வரை சூடாக்கி வைத்து, உடைய வேண்டியதைத் தொழிற்சாலையிலேயே உடைத்துவிடுகிறார்கள். தலைக்கு மேலே வரும் இடத்தில் என்னைக் கேட்டால் டஃபன்டை மட்டும் நம்ப மாட்டேன், நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடிதான் சொல்வேன். உடைந்தாலும் விழாது.

செல்பேசித் திரையில் இதையே வேதியியலால் செய்கிறார்கள். சுமார் 400 டிகிரியில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட் தொட்டியில் கண்ணாடியை ஊற வைத்தால், சோடியம் அயனி வெளியேறி அதைவிடப் பெரிய பொட்டாசியம் அதன் இடத்தில் நெருக்கிக்கொண்டு உட்காரும். அமுக்கம் பல நூறு மெகாபாஸ்கல். ஆனால் ஆழம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. வழவழப்பான தரையில் விழுந்து பிழைக்கும் செல்பேசி, மணல் கிடக்கும் தார்ச்சாலையில் விழுந்து போவதற்குக் காரணம் அதுதான். கூரிய ஒரு மணல் பரல், அமுக்கத் தோலைத் தாண்டி உள்ளே குத்திவிடுகிறது.

உயர் அழுத்த மின்கம்பிகளைத் தாங்கும் தட்டு இன்சுலேட்டர்களைப் பார்த்தால் வடிவமைப்பால் மட்டும் அமுக்கத்தைக் கொண்டுவந்திருப்பது தெரியும். கம்பியின் எடை முழுவதும் கீழ்நோக்கி இழுக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் உலோக முள்ளின் தலை கூம்பாக இருப்பதால், அந்த இழுப்பு பீங்கானுக்குப் போய்ச் சேரும்போது ஆப்பு அடித்தது போல அமுக்கமாக மாறிவிடுகிறது. இதையே டஃபன்டு கண்ணாடியில் செய்தால் இன்னொரு வசதி. பீங்கான் தட்டுக்குள்ளே விரிசல் விட்டால் வெளியே தெரியாது. கண்ணாடி போனால் தட்டு முழுவதும் உதிர்ந்து, தரையிலிருந்தே தெரியும். அப்போதும் மூடிக்குள் இறுகி நிற்கும் மிச்சக் கண்ணாடி கம்பியைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது பதிலுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பொருள் இங்கேதான் இருக்கிறது. தூய சிர்கோனியாவைச் சுட்டுக் குளிர வைத்தால், சுமார் 1,170 டிகிரிக்குக் கீழே படிக அமைப்பு மாறி, 4 முதல் 5 சதவீதம் பருத்து, பாகம் தானே நொறுங்கிவிடும். யிட்ரியா போன்ற ஆக்சைடு கொஞ்சம் கலந்தால் பழைய அமைப்பை அறை வெப்பத்திலும் பிடித்து வைக்கலாம். 1975-இல் ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ மூவரும் கவனித்துச் சொன்னது இது: அப்படிப் பிடித்து வைத்த பொருளில் விரிசல் ஓடி வரும்போது, அதன் முனையில் உள்ள இழுவிசையே சுற்றியுள்ள மணிகளை, அதாவது பொருளின் நுண்படிகங்களை, விடுவிக்கிறது. மணிகள் சட்டென்று மாறிப் பருத்து, விரிசலின் வாயை நெருக்கி மூடுகின்றன. கண்ணாடியில் நிக்கல் சல்பைடு செய்த அதே அட்டூழியம்தான், இங்கே மருந்தாகிவிட்டது. பருக்கும் துகள் கெட்டதா நல்லதா என்பது அது எங்கே, எப்போது பருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மருந்துக்கும் பக்க விளைவு உண்டு. ஈரமும் மிதமான வெப்பமும் சேர்ந்தால், விரிசல் வராமலே பரப்பிலுள்ள மணிகள் மாறத் தொடங்கும். செயற்கை இடுப்பு மூட்டில் சிர்கோனியா பந்துகளைப் பல ஆண்டுகள் நன்றாகவே பயன்படுத்தி வந்தார்கள். 2001-இல், உற்பத்தியில் சூளையின் வகையை மாற்றிய பிறகு வந்த சில தொகுதிகள் நோயாளிகளின் உடலுக்குள்ளேயே உடையத் தொடங்க, அவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கலவை மாறவில்லை, சுட்ட விதம்தான் மாறியது. இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் அலுமினாவுக்குள் சிர்கோனியா மணிகளைத் தூவிய கலவை இருக்கிறது.

சுடுவது என்றேன். பொறியியல் பீங்கானை யாரும் உருக்கி வார்ப்பதில்லை. அலுமினா உருக 2,050 டிகிரிக்கு மேல் வேண்டும். நுண்பொடியை அச்சில் அழுத்தி, சுமார் 1,600 டிகிரியில் சுட்டு, மணிகளை ஒன்றோடொன்று ஒட்ட வைப்பதற்கு சின்டரிங் என்று பெயர். நீளத்தில் 15 முதல் 20 சதவீதம் சுருங்கும். பொடியில் ஒரு கட்டி கரையாமல் இருந்தால், அந்த இடத்தில் ஒரு வெற்றிடம் பிறந்து, பாகத்தின் ஆயுள் முழுக்கக் காத்திருக்கும். சுட்ட பிறகு அளவுக்குக் கொண்டுவர வைரச் சக்கரம்தான் கதி. செலவின் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. கீறலின் பெரும்பகுதியும் அங்கேதான் பிறக்கிறது.

ஒருமுறை சுழல் தண்டுக்கான பீங்கான் உறைகள் சில, ஓட்டிய கொஞ்ச நாளிலேயே முறிந்து என் மேசைக்கு வந்தன. பொருளில் கலப்படம் என்று வாங்கியவர் அடித்துச் சொன்னார். மிரரின் நடுவில் இருந்த பொட்டை நுண்ணோக்கியில் பெரிதாக்கியதும், அது புள்ளியாக இல்லாமல் நீண்ட ஒரு கோடாக இருந்தது; கிரைண்டிங் வரி. எல்லா உறைகளிலும் அதே கோடு, இழுவிசைக்குக் குறுக்காக. சக்கரம் ஓடிய திசையை மாற்றி, கடைசிப் பதத்தில் நுண்ணிய வைரத்தைப் போட்டதும் தொல்லை நின்றது. விசையின் திசையோடு ஓடும் வரி அவ்வளவாகப் பாதிக்காது. குறுக்கே ஓடும் வரி, தயாராக வெட்டி வைத்த விரிசல்.

பம்புகளில் இருக்கும் மெக்கானிக்கல் சீலைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. சுழலும் தண்டின் ஓரமாகத் திரவம் கசியாமல் இருக்க இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் உரசுகின்றன. ஒன்று பெரும்பாலும் கார்பன், மற்றது சிலிக்கான் கார்பைடு. மணல் கலந்த திரவம் என்றால் இரண்டுமே சிலிக்கான் கார்பைடு. முகங்கள் எவ்வளவு தட்டையாக இருக்க வேண்டும் என்றால், அளவுகோலே ஒளிதான். ஒற்றை நிற விளக்கின் கீழே, மெருகேற்றிய தட்டைக் கண்ணாடி ஒன்றை வளையத்தின்மேல் வைத்தால் கறுப்புக் கோடுகள் தோன்றும். கோடுகள் நேராக, சம இடைவெளியில் இருந்தால் முகம் தட்டை. ஒரு கோடு அளவு வளைந்தால் 0.29 மைக்ரோமீட்டர் பிசகு. இரண்டு மூன்று கோட்டுக்குள் நிற்க வேண்டும். புதிதாக வருகிற பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். வளையத்தைக் கையில் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு வைத்தால், உடம்புச் சூட்டிலேயே கோடுகள் வளைந்து, ஆற ஆற மெதுவாக நேராகும்.

அந்த இரண்டு முகங்களுக்கும் நடுவே மெல்லிய திரவப் படலம் இருக்கும் வரை எல்லாம் சுமுகம். பம்பு காலியாக ஓடினால் படலம் போய், நொடிகளில் முகம் பல நூறு டிகிரி ஏறிவிடும். யாராவது அவசரமாக வால்வைத் திறக்க, குளிர்ந்த திரவம் வந்து மோதும். மேல்பரப்பு சுருங்கப் பார்க்கும், உள்ளே உள்ளது விடாது, பரப்பில் இழுவிசை. ஆரத்தின் வழியே விரிசல்கள். சூடாக்குவதைவிடச் சட்டென்று குளிர்விப்பது ஆபத்து என்பது இதனால்தான். அலுமினா வளையம் இந்த அதிர்ச்சியில் சீக்கிரம் போய்விடும். சிலிக்கான் கார்பைடு வெப்பத்தை அதைவிட நாலைந்து மடங்கு வேகமாகக் கடத்துவதால் சமாளிக்கும். இரண்டுமே கடினமானவை, இரண்டையுமே அமிலம் அரிக்காது. தேர்வு நடப்பது வெப்பக் கடத்தலில்.

கண்ணாடியில் இதே பிரச்சினைக்கு வெப்ப விரிவைக் குறைப்பதே வழி. ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டரில், சாதாரணக் கண்ணாடி 9 மைக்ரோமீட்டர் விரியும். ஆய்வகக் குடுவைகளின் போரோசிலிகேட் 3.3, தூய சிலிக்கா வெறும் 0.55. அதற்கும் கீழே போக ஒரு வழி, கண்ணாடிக்குள்ளேயே படிகங்களை வளர்ப்பது. 1953-இல் கார்னிங்கில் டொனால்டு ஸ்டூக்கி 600 டிகிரிக்கு வைத்த உலை, கோளாறாகி 900-க்குப் போய்விட்டது. உள்ளே இருந்த தகடு உருகியிருக்கும் என்று திறந்தால், பால் வெள்ளையாக உருக்குலையாமல் இருந்தது. கை தவறி விழுந்தும் உடையவில்லை. அப்படிப் பிறந்த கண்ணாடிப் பீங்கான்கள் இன்று பெரிய தொலைநோக்கிகளின் ஆடிகளில் இருக்கின்றன. சூடானால் சுருங்கும் படிகமும் விரியும் கண்ணாடியும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்கின்றன.

1980-களில் முழு எஞ்சினையே பீங்கானில் செய்துவிடலாம் என்று ஒரு ஜுரம் பரவியது. குளிர்விக்கவே வேண்டாம், எரிபொருள் மிச்சம் என்றார்கள். 1985-இல் நிசான், சிலிக்கான் நைட்ரைடு சுழலி வைத்த டர்போசார்ஜரைக் காரில் போட்டு விற்கவே செய்தது. எஞ்சின் கனவு கரைந்துபோனது. ஆனால் அதற்காகக் கற்றுக்கொண்டது வீண்போகவில்லை. நீண்ட மணிகள் ஒன்றோடொன்று பின்னி விரிசலுக்குக் குறுக்கே பாலம் போடும் சிலிக்கான் நைட்ரைடு, இன்று பேரிங் குண்டுகளாகச் சத்தமில்லாமல் ஓடுகிறது. எடை எஃகில் பாதிக்கும் குறைவு. பேரிங்கில் குண்டு பெரும்பாலும் அமுக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் பீங்கானுக்கு வாகான இடம். மின்வாகன மோட்டார்களில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. இன்வெர்ட்டரிலிருந்து கசியும் மின்னோட்டம் எஃகுக் குண்டு வழியே பாய்ந்து, ஓடுபாதையில் வரிவரியாகக் குழி போட்டுவிடும். பீங்கான் குண்டு மின்சாரத்தை விடாது.

மின்னணுவியல் பீங்கான்களை நான் வேகமாகக் கடந்துவிடப் போகிறேன், அந்தத் துறைக்காரர்கள் மன்னிக்க. கெப்பாசிட்டருக்குள் இருக்கும் பேரியம் டைட்டனேட், அழுத்தினால் மின்னழுத்தம் தரும் பிஇசட்டி, காந்த ஃபெர்ரைட், புகைக்குழாயில் ஆக்சிஜன் அளக்கும் சிர்கோனியா என்று ஒவ்வொன்றும் தனிக் கட்டுரை. என் கண்ணுக்குப் படுவது ஒன்றுதான்: ஒரு ஸ்மார்ட்ஃபோனில் நூற்றுக்கணக்கில் இருக்கும் அடுக்குக் கெப்பாசிட்டர்களும் உடைகின்றன. சர்க்யூட் போர்டைத் தொகுப்பிலிருந்து பிரிக்கும்போது கொஞ்சம் வளைத்துவிட்டால், கெப்பாசிட்டரின் உலோக முனைக்குக் கீழிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஏறும். அப்போது ஒன்றும் தெரியாது. பின்னால் ஈரம் புகுந்து, ஷார்ட் ஆகி, கருகும். முனையில் இளக்கமான பாலிமர் அடுக்கு சேர்த்தவை இப்போது கிடைக்கின்றன. போர்டின் ஓரத்திலிருந்து தள்ளி வைப்பது அதைவிட மலிவான வைத்தியம்.

2011-இல் ஓய்வுபெற்ற அமெரிக்க விண்வெளி ஓடத்தின் வெப்பக் காப்பு ஓடுகளிலும், இளக்கமான அடுக்கு வைக்கும் இதே தந்திரம்தான். தூய சிலிக்கா இழையாலான அந்த ஓட்டில் 94 சதவீதம் காற்று. 1,260 டிகிரி தாங்கும். ஆனால் அடியில் உள்ள அலுமினியத் தோல் நெளிந்தால் ஓடு பிளந்துவிடும். எனவே ஓட்டுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு கம்பளித் திண்டு மாதிரியான நோமெக்ஸ் இழை அடுக்கு, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே இடைவெளி. ஓட்டைப் பாராட்டுகிற அளவுக்கு அந்தத் திண்டை யாரும் பாராட்டுவதில்லை.

ஜெட் எஞ்சின்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், விரிசலை அவர்களே போட்டு வைக்கிறார்கள். டர்பைன் இறக்கைகளின்மேல் வெப்பத்தடுப்பாகப் பூசும் சிர்கோனியாவை, ஆவியாக்கிப் படியவிட்டு, தனித்தனித் தூண்களாக வளர்க்கிறார்கள். கீழே உலோகம் விரியும்போது தூண்கள் விலகிக் கொடுக்கும், பூச்சு உரியாது. 2016-இல் பயணிகள் விமானங்களில் சேவைக்கு வந்த லீப் எஞ்சினிலோ, டர்பைனைச் சுற்றியுள்ள வளையத் துண்டுகளே சிலிக்கான் கார்பைடு இழையை சிலிக்கான் கார்பைடுக்குள் பதித்த கலவை. இழையும் சுற்றியுள்ள பீங்கானும் இறுக ஒட்டிவிடக் கூடாது என்று நடுவில் வேண்டுமென்றே வலுவற்ற ஒரு மேல்பூச்சு கொடுக்கிறார்கள், பொதுவாக போரான் நைட்ரைடு. விரிசல் இழையிடம் வந்ததும் அதை அறுக்காமல், அந்தப் பூச்சு வழியே பக்கவாட்டில் திரும்பிவிடும். நிக்கல் கலவையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதைவிட அதிக வெப்பம் தாங்கும், பீங்கானாக இருந்தும் சட்டென்று உடையாது.

ஆனால் எரியும் வாயுவில் நீராவி இருக்கிறது. சிலிக்கான் கார்பைடைக் காக்கும் சிலிக்காப் படலத்தை, அந்த வெப்பத்தில் நீராவி வாயுவாக மாற்றி அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அதைத் தடுக்க மேலே யிட்டர்பியம் சிலிகேட் போன்ற இன்னொரு பீங்கானைப் பூச வேண்டியிருக்கிறது. அதன் விரிவு கீழே உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் அதிலும் விரிசல் விடும். இப்போது ஆய்வுக்கூடங்களில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி அந்தப் பூச்சின் விரிசல்களைப் பற்றியது.